ஜன்னலோரம் நிற்காதவள்

என் பாட்டுக்காரருக்கு,

எதையும் அளந்து பார்க்கிறாள் என்று நீங்களே பெயர் வைத்த உங்கள் ஸ்கேல் எழுதுவது. நானும் மகளும் நலம். அவளுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. போட்ட முதல் நாளே, பக்கத்து வீட்டுச் சுவரில் எத்தனை விரிசல் என்று எண்ணிச் சொல்லிவிட்டாள். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அந்தக் கிரேன் இருக்கைக்கு ஒரு தலையணை வாங்கிப் போடுங்கள் என்று சொல்லி ஒரு வருடமாகிறது.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் முக்கியமான இடத்துக்கு வரும்போதெல்லாம் உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. நீங்கள் வெளிநாடு போன இந்த ஆறு வருடமாகக் கவனித்துக்கொண்டுதான் வருகிறேன். கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது. தவிர, இதோடு கொஞ்சம் படங்களும் வைத்திருக்கிறேன். அவற்றைக் கையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கிரேன் கூண்டில் உட்கார்ந்து சாப்பாட்டு இடைவேளையில் நீங்கள் பாடிய பாட்டு போனுக்குப் போன் தாவி, கடைசியில் ஒரு பாட்டுக் கம்பெனியின் காதில் விழுந்தது உங்களுக்குத் தெரிந்த கதை. அவர்கள் அங்கேயே உங்களை ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டு முறையாகப் பதிவு செய்ததும் தெரியும். வீடியோவை இங்கே எடுப்பதாகச் சொன்னார்கள் அல்லவா, தெரியாத கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

போன மாதம் ஒரு டைரக்டர் வீட்டுக்கு வந்தார். சின்ன வயதுதான். வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றவில்லை, அதனால் நம் வீட்டில் அவர் பெயர் தொப்பிக்காரர். நல்ல மனிதர். ஸ்டோரிபோர்டு கொண்டுவந்திருந்தார். எடுக்கப்போகும் காட்சிகளை முன்கூட்டியே கட்டம் கட்டமாக வரைந்து வைத்துக்கொள்வதற்கு அப்படிப் பெயர். பன்னிரண்டு பக்கம். அதில் எட்டுப் பக்கத்தில் ஒரு பெண் ஜன்னலோரம் நிற்கிறாள். வெளியே மழை பெய்கிறது. கண்ணாடியில் விரலால் எழுதுகிறாள். ஓரிடத்தில் திரைச்சீலை அவள் முகத்தில் பட்டு விலகுகிறது.

அது அவருடைய குற்றமில்லை. நீங்கள்தானே பாடினீர்கள், “ஜன்னலோரம் நிற்பவளே, சாயங்காலம் ஆனதடி” என்று. நம் வீட்டு ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்று பாடுவதற்கு முன் ஒருதடவை யோசித்திருக்கலாம்.

இந்தப் பெண் யார் என்று கேட்டேன். “அவங்கதாங்க பாட்டுல வர்ற மனைவி. நல்லா அழுவாங்க” என்றார். அப்படியானால் நான் யார் என்று கேட்டேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அதோடு விட்டிருக்கலாம்தான். விடவில்லை. மறுநாள் மரப் பட்டறைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கம்பெனிக்கே போய் மேலாளரைப் பார்த்தேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “குறை சொல்றது சுலபம்மா. வேற எப்படி எடுக்கணும்னு நீங்களே வரைஞ்சு கொண்டாங்க. மூணு வாரம் டைம்” என்றார். என்னை வழியனுப்பச் சொன்ன பேச்சு அது. எனக்கு வரையத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. பதினோரு வருடமாக அலமாரியும் கதவும் ஜன்னலும் வரைகிறேன். ஒரு பாட்டை வரைய முடியாதா என்ன?

ஆனால் பாட்டு வீடியோ எப்படிக் கட்டப்படுகிறது என்று எனக்குத் தெரியாது. ஆகவே, தெரியாத ஒரு சாமானைச் செய்யச் சொன்னால் பட்டறையில் என்ன செய்வோமோ அதையே செய்தேன். ஏற்கெனவே நன்றாகச் செய்து வைத்திருப்பவற்றைப் பிரித்துப் பார்த்தேன். மதிய இடைவேளையில் நான்கு, ஞாயிறு காலையில் பத்துப் பன்னிரண்டு என்று மொத்தம் அறுபத்தொரு வீடியோ. முதல்முறை சத்தத்தோடு, இரண்டாவது முறை சத்தம் இல்லாமல். சத்தத்தை எடுத்துவிட்டால் எது வேலை செய்கிறது, எது சும்மா அலங்காரம் என்பது உடனே தெரிந்துவிடுகிறது.

ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினேன். கேமரா எங்கே நிற்கிறது? எத்தனை வினாடிக்கு ஒருமுறை காட்சி மாறுகிறது? பல்லவி திரும்ப வரும்போது படத்தில் என்ன புதிதாகச் சேர்கிறது? ஒரு வீடியோவில் பாடகர் கடைசிவரை வரவே இல்லை, ஒருவர் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறார், அவ்வளவுதான். ஆனால் பல்லவி வரும்போதெல்லாம் ஷூ வேறு. கடைசியில் ஒரு குழந்தையின் ஷூ. அந்த ஒன்றை மட்டும் மூன்றாவது முறையும் பார்த்தேன். சோகப் பாட்டென்றால் காட்சிகள் மெதுவாகத்தான் நகரவேண்டும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒன்றில் படபடவென்று வெட்டியிருக்கிறார்கள், அழக்கூட நேரமில்லாத ஒருத்தியின் நாள் அது.

பிரிவுப் பாட்டுகள் மட்டும் பத்தொன்பது பார்த்தேன். பதினாறில் ஜன்னல். கூட உட்கார்ந்து பார்த்த மகள் கேட்டாள், “ஏம்மா எல்லாரும் ஜன்னல்கிட்டயே நிக்கிறாங்க? அவங்களுக்கெல்லாம் வேலை இல்லையா?” இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் என் முழு வேலையும் பிறந்தது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் முதலில் ஒரு தப்பு செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு வீடியோவில் ஒரு பெண் ஏழு கதவுகளைத் திறந்துகொண்டு நடந்துகொண்டே இருக்கிறாள். கேமரா வெட்டாமல் அவள் பின்னாலேயே போகிறது. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நான் அதில் கிறங்கிப்போய் நம் பட்டறையில் ஏழு கதவு நிறுத்தி, பின்னாலேயே கேமராவைப் போகவிட்டு, ஒன்பது தாள் வரைந்துவிட்டேன். பெரிய சாதனை என்று நினைப்பு. கம்பெனியில் ஒளிப்பதிவு செய்யும் பெண்ணிடம் காட்டினேன். அவள் தாள்களை மெதுவாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, இது அந்தக் கதவுப் பாட்டுதானே? கடைசிக் கதவோட பச்சையைக்கூட நீங்க விடல” என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் சமாளித்திருப்பேன்.

ஒன்பது தாளையும் சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் வரும்போது காது சுட்டது. ஆனால் நம் ஸ்டாப் வருவதற்குள் ஒன்று பிடிபட்டது. பட்டறைக்கு வருகிறவர்கள் எங்கேயோ பார்த்த சமையலறையின் படத்தை நீட்டி, “இதே மாதிரி வேணும்” என்பார்கள். நான் ஒருநாளும் அதே மாதிரி செய்து கொடுத்ததில்லை. அந்த வீட்டு அம்மாவின் உயரத்தை அளப்பேன், அடுப்பு எங்கே என்று பார்ப்பேன், படத்தில் எது அவரை இழுத்தது என்று விசாரிப்பேன். பெரும்பாலும் அது நிறமாகவோ கைப்பிடியாகவோ இருக்காது. குனியாமல் எல்லாம் கைக்கு எட்டுகிறதே என்பதாகத்தான் இருக்கும். அதை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு வேறு சமையலறை செய்வேன். பதினோரு வருடமாகச் செய்கிற வேலையைத் தாளைக் கண்டதும் மறந்திருக்கிறேன்.

அந்த வீடியோவில் என்னை இழுத்தது எது? கதவுகள் இல்லை. கேமரா ஒருதடவைகூட அவளுக்கு முன்னால் வரவில்லை. அவள் முகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமலே பின்னால் போகிறோம். நீங்களும் அப்படித்தானே, எது நடந்தாலும் நடந்து முடிந்த பிறகுதான் உங்களுக்குத் தெரிகிறது. பாடுகிறவருக்கு அவளுடைய முதுகுதான் தெரியும். அதுதான் எனக்கு வேண்டியது. கதவுகளை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிறகு வேலை ஓடியது. பாட்டு நான்கு நிமிடம் பத்து வினாடி. ஒரு வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்து, பட்டறையின் வரைபடத் தாளில் இரண்டரை மீட்டர் நீளத்துக்குப் பாட்டை விரித்தேன். காட்சிகளைச் சின்னச் சின்னத் தாளில் வரைந்து, எண் போட்டு, அதன்மேல் அந்தந்த இடத்தில் ஒட்டினேன்; உங்களுக்கு வைத்திருப்பது அவற்றின் நகல். நீங்கள் மூச்சு வாங்கும் இடங்களைக்கூடக் குறித்திருக்கிறேன். இரண்டாவது சரணத்துக்கு முன் நீங்கள் தொண்டையைச் செருமுவதை அவர்கள் நீக்காமல் விட்டதற்கு நன்றி சொல்லவேண்டும்.

இனி படங்களைப் பாருங்கள். முதல் முறை “ஜன்னலோரம் நிற்பவளே” என்று நீங்கள் உருகும்போது, நான் ஒரு ஜன்னலைத் தோளில் தூக்கிக்கொண்டு பட்டறையிலிருந்து வண்டிக்குப் போகிறேன். முழு ஜன்னல், சட்டத்தோடு. முதுகு மட்டும் தெரிகிறது. இரண்டாவது முறை அதே வரிக்கு, மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்து நாற்காலி காலி. மூன்றாவது முறை பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்கிறது. தலையைச் சாய்த்த உடனே தூங்கிவிடுகிறேன். நீங்கள் “கண்ணை மூடாதே” என்று பாடிக்கொண்டிருக்கிறீர்கள். பல்லவி ஒவ்வொரு முறையும் ஒன்றைப் புதிதாகச் சொல்லவேண்டும் என்பதை ஷூக்காரரிடம் கற்றேன். படபடவென்று வெட்டுவதை, மகளைப் பள்ளிக்குக் கிளப்பும் காலை வேளைக் காட்சிக்கு எடுத்துக்கொண்டேன். யாரிடம் எதை எடுத்தேன் என்று ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் எழுதியிருக்கிறேன். அப்படி எழுதிப் பார்த்தால் எது என்னுடையது என்பதும் தெரிந்துவிடுகிறது.

உங்கள் கூண்டை வரையும்போதுதான் மாட்டிக்கொண்டேன். நீங்கள் அனுப்பிய போட்டோவில் எல்லாம் நீங்களே அடைத்துக்கொண்டு நிற்கிறீர்கள், கூண்டு தெரியவில்லை. ஆறு வருடமாக நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தின் அகலம் எனக்குத் தெரியாது. இருபத்திரண்டாவது தாளில் உத்தேசமாகப் போட்டிருக்கிறேன்.

போன புதன்கிழமை பதினோரு மணிக்குக் கம்பெனியில் காட்டினேன். தாளை விரித்தால் மேஜை பற்றவில்லை, கடைசி அரை மீட்டர் தொங்கியது. பாட்டைப் போட்டுவிட்டு அதன் வேகத்துக்கு விரலை நகர்த்திக்கொண்டே போனேன். பேசவில்லை. ஜன்னலைத் தூக்கும் இடத்தில் மேலாளர் சிரித்துவிட்டார். பள்ளி நாற்காலி வந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தொப்பிக்காரருக்கு மட்டும் சந்தேகம், சோகப் பாட்டில் சிரிப்பு வரலாமா என்று. மேலாளர்தான் பதில் சொன்னார், “எங்க வீட்டுக்காரரும் நாலு வருஷம் வெளிநாட்டுலதான் இருந்தாரு தம்பி. நான் ஒருநாள்கூட ஜன்னல்கிட்ட நின்னதில்ல. நிக்க நேரம் எங்க இருந்துச்சு?” தொப்பிக்காரர் தொங்கிய அரை மீட்டரைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு, “நான் கூட இருந்து எடுத்துத் தரேன். ஆனா இது உங்க படம்” என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். முன்னால் முடி கொஞ்சம் கம்மிதான்.

நடிப்பதும் நான்தான். முதலாளி இரண்டு நாள் பட்டறையைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். மரத்தூளைக் கூட்டிவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அடுத்த மாதம் பதினெட்டு, பத்தொன்பது. பயமெல்லாம் இல்லை. இவ்வளவு தெளிவாக நான் எதையும் வரைந்ததில்லை.

இன்னொரு செய்தி. உங்களோடு வேலை பார்க்கும் வெல்டர் அண்ணனின் மனைவியைக் கடைத்தெருவில் பார்த்தேன். “உங்க வீட்டுக்காரரு இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாராமே, எங்க வீட்லயும் அதைத்தான் யோசிக்கிறாங்க” என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, தக்காளி விலை கேட்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்ள மனசு வரவில்லை. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் எதுவும் கேட்கப்போவதில்லை. போட்டீர்களா, இல்லையா, எப்போது சொல்வதாக இருந்தீர்கள், எதுவும்.

கடைசி இருபத்திரண்டு வினாடியைப் பற்றி மட்டும் சொல்லவேண்டும். அங்கே வார்த்தை இல்லை, நீங்கள் முனகுவது மட்டும்தான். அதற்கு இரண்டு தாள் வரைந்திருக்கிறேன், முப்பத்தெட்டு அ, முப்பத்தெட்டு ஆ. பாட்டு முழுக்க என் முதுகுதான். இரண்டு தாளிலும் அங்கேதான் நான் முதல்முறையாகத் திரும்புகிறேன். முதல் தாளில், திரும்பினால் பட்டறை வாசலில் நீங்கள் பையைக் கீழே வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டாவதில் வாசலில் யாரும் இல்லை. ஒரு மூச்சு நேரம் பார்க்கிறேன், பிறகு இயந்திரத்தைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறேன்.

உங்களுக்குப் பதில் வேறு ஆளை வாசலில் நிறுத்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்றுவிட்டேன்.

இரண்டாவதுதான் வலுவான முடிவு என்கிறார் தொப்பிக்காரர். மேலாளரும் அதையேதான் சொல்கிறார். ஒளிப்பதிவு செய்யும் பெண் என் முகத்தைப் பார்த்தாள். அறுபத்தொரு வீடியோ பார்த்தவளாகச் சொல்கிறேன், அவர்கள் சொல்வது சரி. இரண்டாவதுதான் நல்ல படம்.

எனக்கு முதலாவது வேண்டும்.

படம் கொஞ்சம் சுமாராகவே இருந்துவிட்டுப் போகட்டும். பதினெட்டாம் தேதி காலை எட்டு மணிக்கு வெளிச்சம் சரியாக இருக்கும் என்கிறார்கள். வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்கேல்