மணியத்தின் எஞ்சினுக்குப் புது மோட்டார்

அன்பு மச்சான் மணியம்,

இதை யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. நானே எழுதுகிறேன். எழுபது வயதுக்கு மேல் கோயில் வகுப்பில் உட்கார்ந்து படித்த எழுத்து. மெதுவாகத்தான் வருகிறது. வந்ததைத் திரும்பப் படித்துப் பார்த்து எனக்கு நானே சிரித்துக்கொள்கிறேன்.

தோட்டத்துத் துரை ஊருக்குப் போகும்போது உனக்குக் கொடுத்தாரே, அந்தப் பொம்மை ரயில் எஞ்சின், அதற்கு உன் மருமகன் ரவி புது மோட்டார் போட்டுவிட்டான். பழையது சூடாகி நின்றுவிட்டது என்று ஜோகூர் பாருவுக்கு எடுத்துப் போனான். பாலம் தாண்டினால் சிங்கப்பூர். இந்த மாதிரிப் பழைய எஞ்சினுக்கு அங்கே ஆட்கள் அலைகிறார்களாம். நீ கண்மூடிய பிறகு உன் நினைவாக எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். எனக்குத் தூக்கம் வருமா?

திரும்பி வந்த எஞ்சின் பூனை மாதிரி ஓடியது. உன்னுடையது மாவு அரைக்கிற சத்தமல்லவா போடும்? உன்னுடையதை விற்றுவிட்டு வேறு எஞ்சினைக் கொண்டுவந்துவிட்டான் என்றே நினைத்தேன். லெட்சுமி தங்கச்சியோ அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளிடம் எப்படிச் சொல்வது?

ரவியைப் பிடித்தேன்.

"கழட்டுடா. உள்ள பாக்கணும்."

"அலமாக்! என்னையே சந்தேகப்படுறீங்களா மாமா?"

"ஒன்ன மட்டும் இல்லடா, எல்லாரையும்தான்."

"அண்ணன் குடிக்கிற தேத்தண்ணியவே சந்தேகப்படுவாரு," என்று தங்கச்சி சிரித்தாள்.

ரவி திருகாணியைக் கழற்றி மேல்கூட்டைத் தூக்கினான். உள்ளே புது மோட்டார், விரல் நுனி அளவுதான், பளபளவென்று இருந்தது. ஆனால் கூட்டின் உட்புறம் பழுப்பாகப் பிசுபிசுத்தது. மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய்!

"இதாலதான் மாமா மோட்டார் போச்சு. பிசினாட்டம் இறுகிப்போயி சுத்தவே முடியல. யாரு ஊத்துனா?"

"வேற யாரு, ஒங்க மாமனாருதான்," என்றாள் தங்கச்சி. "ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் சாமி வெளக்குலேருந்து எடுத்து விடுவாரு லா."

மச்சான், ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். உன்னைச் சந்தேகப்படத் தோன்றவில்லையே! சாமிக்கு ஊற்றுவதை மோட்டாருக்கும் ஊற்றலாம் என்று உனக்கு யார் சொன்னது?

ஆனால் நிம்மதி. இது உன் எஞ்சின்தான். வேறு எந்த எஞ்சினுக்குள் இந்த வாடை அடிக்கும்? ரவி துடைக்கத் துணி எடுத்தான். கையைத் தட்டிவிட்டேன்.

வரும் ஆயுத பூசைக்கு நானே அதற்குப் பொட்டு வைப்பேன். எண்ணெய்க் கிண்ணத்தை அந்தப் பக்கமே வர விடமாட்டேன். கூட்டின் உட்புறத்தை யாரும் துடைக்கவும் விடமாட்டேன். ரவி மறுபடியும் அதை ஜோகூர் பாருவுக்கு எடுத்துப் போனால், நானும் பஸ் ஏறி அதை மடியில் வைத்துக்கொண்டு போவேன். இது சத்தியம்.

உன் மச்சான்,
ஆறுமுகம்
லாபிஸ்