தம்பி வீட்டில் இறங்கிய என் கூரை

அனுப்புநர்:
தையல்கடைக்காரி,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்சந்து,
இடது கைப்பக்கம் மூன்றாவது வீடு
(கூரை இல்லாததுதான் அடையாளம்).

பெறுநர்:
உயர்திரு தலைமை அலுவலர் அவர்கள்,
புயல் சேதக் கணக்கெடுப்புப் பிரிவு,
நகராட்சி அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: புயலில் பறந்துபோய் என் தம்பி வீட்டுச் சுவர்கள்மேல் இறங்கிவிட்ட என் தகரக் கூரையைப் பிரித்து அகற்றும்படி ஒட்டப்பட்ட நோட்டீஸை ரத்து செய்ய வேண்டுதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை ஏற்கெனவே மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் "மேற்படி கூரையானது" என்று எழுதியதும் சிரிப்பு வந்து எழுத்து கோணிக்கொள்கிறது. கூரையைப் பறிகொடுத்தவள் சிரிக்கலாமா என்று சந்தில் எல்லோரும் கேட்கிறார்கள். விஷயம் தெரிந்தபின் தாங்களும் கொஞ்சம் சிரித்தால் நான் தப்பாக நினைக்கமாட்டேன். ஆனால் சிரித்து முடித்த கையோடு உத்தரவு போட்டுவிட வேண்டும். நாளைக் காலை கூரையைப் பிரிக்க ஆட்கள் வருகிறார்கள்.

1. எங்கள் அப்பா காலமானபின் வீட்டைப் பாகம் பிரித்தோம். கூரை போட்ட பாதி எனக்கு, அதை ஒட்டிய காலி மனை தம்பிக்கு. தம்பி குழாய் வேலை செய்பவன். தானே செங்கல் சுமந்து நான்கு சுவர் எழுப்பினான். அதற்குமேல் கையில் காசில்லாமல், தார்ப்பாய் கட்டிக் குடித்தனம் நடத்தினான். "கூரை போட்டது அவங்களுக்கு, வானம் பாத்தது நமக்கா?" என்று தம்பி மனைவி குழாயடியில் ஊருக்கே கேட்கும்படி கேட்டாள். நானும் சும்மா இருக்கவில்லை. என்ன சொன்னேன் என்பது இந்த மனுவுக்குத் தேவையில்லை. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. அந்தப் பக்கம் அவள் இருமினால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும், அவ்வளவு நெருக்கத்தில் மூன்று வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தோம்.

2. புயலன்று மதியம் முதலில் பறந்தது தம்பியின் தார்ப்பாய். அந்த நேரம் பார்த்து, நிறைமாதமாயிருந்த தம்பி மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. பெரிய சாலையில் மரம் விழுந்து ஆம்புலன்ஸுக்கு வழியில்லை. எதிர்வீட்டு நர்ஸம்மாதான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தார். பக்கத்தில் கூரையுள்ள வீடு இருக்கிறதே, அங்கே போய்விடலாம் என்று அவர் சொன்னதற்கு, "அவங்க கூப்பிடாம நான் வரமாட்டேன்" என்று இவள் பல்லைக் கடித்துக்கொண்டாளாம். தம்பி ஒரு மேசையைத் தூக்கி அவள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான், பாவம்.

3. அப்போதுதான் என் தலைக்குமேல் மடமடவென்று சத்தம். தையல் மிஷினுக்கு அடியில் புகுந்தேன். எட்டிப் பார்த்தால் கூரையைக் காணோம். இரும்புச் சட்டத்தோடு, ஒரு தகடு கழலாமல், மின்விசிறியையும் கூட்டிக்கொண்டு கிளம்பிய அது, அரைவட்டம் அடித்துத் தம்பி வீட்டு நான்கு சுவர்கள்மேல் உட்கார்ந்துவிட்டது. கொஞ்சம் கோணல். ஒரு மூலை சந்துக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் உயரமானவர்கள் குனிந்து போகிறார்கள். மற்றபடி கொத்தனார் அளந்து வைத்தாலும் இப்படி அமையாது.

நான் நனைந்த கோழியாக ஓடிப்போய் அவர்கள் வாசலில் நின்றேன். தம்பி மனைவி அந்த வலியிலும் நிமிர்ந்து பார்த்து, "அண்ணி, கூரையக் கொண்டு வந்துட்டீங்களா?" என்றாள். "பின்ன, பிள்ளை பொறக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடவா வருவாங்க?" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில்தான் குழந்தை வெளியே வந்தது என்று நர்ஸம்மா இன்றும் சாதிக்கிறார். பெண் குழந்தை. மூக்கு அப்படியே என்னுடையது. தம்பி மனைவி இதை மறுக்கிறாள். இது தங்கள் அலுவலக வரம்புக்குள் வராது என்பதால் விட்டுவிடுகிறேன்.

4. மறுவாரம் தங்கள் கணக்கெடுப்பாளர் வந்தார். என் வீட்டைப் பார்த்து, "கூரை சேதமில்லை, இடம் மாறியுள்ளது, உரிமையாளர் எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுதினார். தம்பி வீட்டைப் பார்த்து, "அனுமதியின்றிக் கூரை அமைக்கப்பட்டுள்ளது" என்று எழுதி, அகற்றச் சொல்லிக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார். "சார், நான் போடல சார், அதுவா வந்துச்சு" என்று தம்பி கும்பிட்டான். "எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க" என்றாராம். ஐயா, எல்லாரும் என்றால் இந்த ஊரில் இன்னும் எத்தனை கூரைகள் இப்படி நடமாடுகின்றன என்று தயவுசெய்து விசாரிக்கவும்.

5. கூரை பத்திரமாக இருக்கிறது. குழாய் பிடிக்கும் கிளாம்ப்புகளைக் கொண்டு தம்பி அதைச் சுவரோடு இறுக்கிவிட்டான். பொறியாளரை அனுப்பி ஆட்டிப் பார்த்துக்கொள்ளலாம். என் வீட்டுக்குமேல், புயல் கொண்டுவந்து போட்ட ஒரு பற்பசை விளம்பரத் துணியை இழுத்துக் கட்டியிருக்கிறேன். படுத்தால் மேலே ஒரு பெண் அத்தனை பல்லையும் காட்டிச் சிரிக்கிறாள். என் மிஷினை மட்டும் தம்பி வீட்டுக்கு மாற்றிவிட்டேன். குழந்தை தகரத்தில் மழை விழும் சத்தத்தில்தான் தூங்குகிறாள். மழை விட்டால் அழுகிறாள். உடனே நான் மிஷினை மிதிக்க வேண்டும். இதனால் தைக்க வேண்டிய துணியெல்லாம் சொன்ன தேதிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. என் தொழிலில் இப்படி ஒருபோதும் நடந்ததில்லை. இந்தக் கூரையைப் பிரித்தால் பச்சைக் குழந்தை எங்கே போகும்?

6. என் படிவத்தில் "உரிமையாளர் கவனக்குறைவு: புயலின்போது கதவைத் திறந்துவைத்தது" என்றும் ஒரு வரி இருக்கிறது. திறந்த கதவு வழியாகக் காற்று உள்ளே புகுந்துதான் கூரையைத் தூக்கியது என்கிறார் தங்கள் கணக்கெடுப்பாளர். உண்மைதான். நர்ஸம்மா ஓடுவதைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. போய்க் கூப்பிட ரோஷம் விடவில்லை. அதே சமயம், கதவு மூடியிருக்கிறதே என்று அவர்கள் திரும்பிப் போய்விடக் கூடாது. ஆகவே இரண்டு கதவையும் விரியத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் இஸ்திரிப் பெட்டியை முட்டுக் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் தைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வரவில்லை, காற்று வந்தது. எனவே "கவனக்குறைவு" என்ற சொல்லை அடித்துவிடக் கோருகிறேன். கவனமாகத்தான் திறந்துவைத்தேன். இந்தப் பத்தியைத் தம்பி மனைவிக்கு மட்டும் காட்ட வேண்டாம். அழுது தீர்த்துவிடுவாள், குழந்தை எழுந்துகொள்ளும்.

ஆகவே ஐயா அவர்கள் கருணைகூர்ந்து, நாளை வரும் ஆட்களை நிறுத்தி, கூரையை இருக்கும் இடத்திலேயே இருக்கவிட வேண்டும். எனக்குப் புதுத் தகடு கொடுப்பதானால் கொடுங்கள், வரிசையில் கடைசியில் நிற்கிறேன். மேற்படி கூரையின் உரிமையை, மின்விசிறி உட்பட, என் தம்பி மகளுக்கு முழுமனதோடு எழுதிக்கொடுக்கிறேன். அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அத்தைதான் வைக்க வேண்டும் என்று தம்பி மனைவி சொல்லிவிட்டாள், எனக்கு மூன்று நாளாக ஒன்றும் ஓடவில்லை. அதுவரை உரிமையாளர் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டு, முத்திரையை மட்டும் குத்தித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: நோட்டீஸ் கெடு முடிவதற்கு முதல் நாள்
இடம்: தம்பி வீடு

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
தையல்கடைக்காரி
(குழந்தையின் அத்தை)