உங்க சோத்துக்கையா, எங்க சோத்துக்கையா?

என் தங்கமே சரோஜா,

நீ போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. அங்கேயாவது காலுக்கு ஓய்வு கொடுத்தாயா? இல்லை, அங்கேயும் கட்டைக்காலில் ஏறிக்கொண்டு யார் வீட்டு மொட்டைமாடியையாவது எட்டிப் பார்க்கிறாயா? உனக்கு ஒரு சேதி சொல்லத்தான் உட்கார்ந்தேன். வேறு நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும், எனக்கென்ன.

நம் பேண்டு மாஸ்டர் மாட்டிக்கொண்டார்.

மாஸ்டர் என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. கிளாரினெட்டில் எந்த முனையில் ஊதுவது என்று கேட்டால் முழிக்கிற ஆள். அவரிடம் இருந்ததெல்லாம் ஒரு ஜரிகைக் கோட்டு, மயிலிறகு செருகிய தொப்பி, பித்தளைக் குமிழ் வைத்த குச்சி. வாசிக்கிறவர்கள் வாசித்தார்கள். பல்டிக்காரன் பல்டி அடித்தான், இன்னொருவன் நெருப்பு வளையத்துக்குள் பாய்ந்தான். நீ ஆள் உயரக் கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு, ஆடியபடியே எல்லாருக்கும் முன்னால் போனாய். அவரோ நம்மைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்தார். அது ஒன்றுதான் அவருடைய வித்தை. அதற்குத்தான் கல்யாண வீட்டில் அவருக்கு முதல் பந்தி, நமக்குக் கடைசிப் பந்தி.

நான் பேண்டு செட்டில் ஜால்ரா. ஜால்ரா தட்டுவதுதான் பிழைப்பு. ஆனால் அந்த ஆளுக்கு மட்டும் ஒரு நாளும் தட்டியதில்லை. உனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியட்டும்.

ரைஸ்மில்காரர் வீட்டு மூத்த பையன் கல்யாணத்தை நீ மறந்திருப்பாயா? படிக்கிறவர்களுக்காகத்தான் மறுபடி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மாப்பிள்ளை அழைப்பு. ராஜகோபுரத்து வாசலில் சாமி கும்பிட்டுவிட்டு, மாட வீதி நாலும் சுற்றி மண்டபத்துக்குப் போக வேண்டும். கோபுரத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு நாம் நின்றோம். அங்கிருந்து வலது பக்கம் திரும்ப வேண்டும், கோயில் கடைசிவரை சோற்றுக்கைப் பக்கமே இருக்க வேண்டும். இந்த ஊரில் நடை பழகும் குழந்தைக்குக்கூட அது தெரியும்.

செட்டில் ஒரே சட்டம், குச்சி போகிற பக்கம் நாம் போக வேண்டும். எதிரே நின்று நம்மைப் பார்க்கிறவர், நம்மை வலது பக்கம் திருப்பத் தன் இடது கையைத்தானே நீட்ட வேண்டும்? அன்றைக்குப் போட்டோக்காரன் பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடித்தான். ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. மார்பை விரித்துக்கொண்டு தன் சோற்றுக்கையை நீட்டினார்.

"மாஸ்டர், கோயில் இந்தப் பக்கம்!" என்று மேலே இருந்து நீ கத்தினாய்.

"குச்சியப் பாருடி! வானத்தப் பாத்துக்கினு நடக்காத!" என்றார்.

கட்டைக்காலில் இருக்கிறவள் நின்று நியாயம் பேச முடியுமா? நின்றால் விழ வேண்டியதுதான். நீ போனாய். உன் பின்னால் டிரம்பெட், கிளாரினெட், பெரிய டிரம், மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த கார், சம்பந்தி வீட்டார், மொத்தப் பேரும் இடமாகத் திரும்பினோம். சாவுக்குத்தானே இடமாகச் சுற்றுவார்கள்? மாப்பிள்ளையின் அம்மா காரிலிருந்து இறங்கித் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, என் புள்ளைய எடுத்துக்கினு போறா மாதிரி போறாங்களே!"

அப்போது அந்த மகான் திருவாய் மலர்ந்தார். "நான் குச்சிய சரியாத்தான் காட்டினேங்க. அந்தப் பொண்ணுதான் தானா திரும்பிடுச்சு. கொஞ்சம் போட்டுட்டு வந்திருக்கும் போல."

"பொய்யி! அவருதான் சோத்துக்கைய நீட்டினாரு!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். "ஜால்ராகூட பேச ஆரம்பிச்சிடுச்சா?" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நம் செட்டு ஆண்பிள்ளைகள் ஒருவர் விடாமல் தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஷூவில் அப்படி என்ன இருந்ததோ.

அன்றோடு உன்னை அனுப்பிவிட்டார். 'இடம் சுத்தினவ' என்று ஒரு பேர் வந்து உன்மேல் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு செங்கத்துச் செட்டும் சேர்க்கவில்லை, வேலூர்ச் செட்டும் சேர்க்கவில்லை. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை உடைக்கப் போனாய். ஊரையே மேலிருந்து பார்த்தவள், தரையில் உட்கார்ந்து கடலைத்தோல் புடைத்தாய்.

"ஏன்க்கா இன்னும் அந்த ஆள்கிட்டயே இருக்க?" என்று நான் உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் கேட்பாய். நான் விலகிவிட்டால் அந்தப் பொய் நிம்மதியாகத் தூங்கும், அதற்காகத்தான் இருந்தேன். ஒவ்வொரு தெருமுனையிலும் அவர் குச்சியைத் தூக்குவார், நான் கேட்பேன்: "மாஸ்டர், உங்க சோத்துக்கையா, எங்க சோத்துக்கையா?" முதலில் முறைத்தார். பிறகு காது கேட்காதவர்போல நடந்தார். என்னை அனுப்பவும் பயம், வெளியே போய் என்னவெல்லாம் சொல்வேனோ என்று. கடைசியில் செட்டுப் பையன்களுக்கே அது வாய்ப்பாடாகிவிட்டது. டீக்கடையில் கிளாஸை நீட்டினால்கூட, "உங்க சோத்துக்கையா, எங்க சோத்துக்கையா?" என்பார்கள்.

போன வாரம் அதே ரைஸ்மில் வீட்டில் இளைய பையன் கல்யாணம். நம் செட்டையே எப்படிக் கூப்பிட்டார்கள் என்கிறாயா? இவர் வலியப் போய் நின்று, "அந்தப் பொண்ண அன்னிக்கே துரத்திட்டேங்க" என்று பல்லிளித்திருக்கிறார். வெட்கம் என்பது கோட்டோடு சேர்த்து வாடகைக்குக் கிடைத்தால் நல்லது.

இப்போது கல்யாணங்களில் வீடியோ என்று ஒன்று வந்திருக்கிறது. முகத்துக்கு நேரே பெரிய விளக்கைப் பிடிக்கிறார்கள். அதே வாசல், அதே கோட்டு. விளக்கைப் பார்த்ததும் ஐயா மார்பை விரித்தார். வலது கை மேலே போனது, பாதியில் நின்றது. இடது கை போனது, அதுவும் இறங்கியது. எந்தக் கை என்று அவருக்கே தெரியவில்லை. நாங்கள் நின்ற இடத்திலேயே மிதித்துக்கொண்டிருந்தோம்.

ஜால்ராவைத் தாழ்த்திக்கொண்டு நிதானமாகக் கேட்டேன். "மாஸ்டர், உங்க சோத்துக்கையா, எங்க சோத்துக்கையா?"

செட்டே வெடித்துச் சிரித்தது. பெரிய டிரம்காரன் டும் என்று ஒரு அடி வேறு போட்டான். மாப்பிள்ளையின் அம்மா இறங்கி வந்து, "என்னாம்மா அது சோத்துக்கை?" என்று கேட்டாள். சொன்னேன், ஒன்று விடாமல். கிளாரினெட்காரர், "நெசந்தாம்மா, அன்னிக்கி இவரு காட்டினதுதான் தப்பு" என்றார். இத்தனை வருஷமாக வாயில் கிளாரினெட் இருந்ததால் பேச முடியவில்லை போலிருக்கிறது, பாவம்.

"ஏதோ கை தவறிப்போச்சுங்க" என்றார் மாஸ்டர். கை தவறியதாம்! நீ குடித்திருந்தாய் என்று சொன்னது கையா?

அந்த அம்மாவின் முகம் எப்படியோ ஆகிவிட்டது. "நான் அன்னிக்கி அந்தப் பொண்ண வாய்க்கு வந்தபடி ஏசிட்டேனே. எங்க இருக்குது அது? இட்டுக்கினு வாங்க, ஒரு வார்த்தை சொல்லணும்."

"செத்துட்டாம்மா. மஞ்சக்காமாலை" என்றேன்.

நான் ஜெயித்துவிட்டேன் சரோஜா. யாரிடம் போய்ச் சொல்வது? மூன்று மாதம், ஒரு மூன்று மாதம் இருந்திருக்கக்கூடாதா நீ? அந்த இடத்திலேயே ஜால்ராவைக் கட்டிக்கொண்டு அழுதேன். வீடியோவில் அதுவும் விழுந்திருக்கும், விழட்டும்.

மாஸ்டரைக் காருக்குப் பின்னால் வரச் சொல்லிவிட்டார் ரைஸ்மில்காரர். குச்சி இல்லாமலேயே திரும்பினோம், சரியாகத் திரும்பினோம். குச்சி எப்போது நமக்குத் தேவைப்பட்டது?

உன் கட்டைகள் என் வீட்டுப் பரணில்தான் இருந்தன. இறக்கி, எண்ணெய் போட்டு, வாரை மாற்றிவிட்டேன். இந்த வயதில் விழுந்து விழுந்து பழகுகிறேன், முட்டி இரண்டும் பூரியாக வீங்கியிருக்கிறது. சிரிக்காதே. வருகிற பௌர்ணமிக்கு அவற்றைக் கட்டிக்கொண்டு மாட வீதி நாலும் நடப்பேன், கோயில் நம் சோற்றுக்கைப் பக்கம். யாரம்மா அது என்று கீழே இருந்து யாராவது கேட்டால், உன் பேரைத்தான் சொல்லுவேன்.

உன்கூடப் பிறக்காத அக்கா,
ஜால்ரா தனம்