மண் நிறக் கோட்டு

பிப்ரவரி 4

என் அன்பு அக்காவுக்கு,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நீங்கள் மூவரும் கிளம்பிய பிறகுதான் என் அறை இவ்வளவு பெரியது என்று தெரிந்தது. குட்டி ஜன்னல் கண்ணாடியில் மூச்சை ஊதி ஒரு பூனை வரைந்தாளே, காலையில் பனி படியும்போதெல்லாம் அது திரும்ப வருகிறது. துடைக்க மனமில்லை.

இந்த ஏரிப் பறவைகள் சரணாலயத்துக்கு நான் வேலைக்கு வந்து இது இரண்டாவது குளிர்காலம். என்னைப் பார்க்கவென்று நம் வீட்டிலிருந்து ஆள் வந்தது இதுதான் முதல் தடவை. மூடுபனி விலகி வெயில் வந்ததும் கரைமேட்டில் போர்வையை விரித்துப் படுத்துக்கொண்டோமே, அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன். மாமா குறட்டை விட்டதில் பறவை பறக்காததுதான் அதிசயம்.

"சும்மா உக்காந்திருக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று மாமா கேட்டபோது வழக்கம்போல் எனக்குப் பதில் வரவில்லை. இப்போது வருகிறது. உட்கார்ந்திருப்பதுதான் வேலை. தினமும் அதே மண் நிறக் கோட்டு, அதே இடம். தானிய டப்பாவை மெதுவாகத் தட்டிவிட்டு அசையாமல் இருக்க வேண்டும். போன வருஷம் முழுக்கக் காட்டு வாத்துகள் அக்கரையிலேயே நின்று என்னை முறைத்தன. இந்த வருஷம்தான் கைக்கெட்டும் தூரத்தில் மேய்கின்றன. பிடிக்காமல், பயமுறுத்தாமல், காலிலும் இறக்கையிலும் நோய் இருக்கிறதா என்று பார்க்க முடிகிறது. அவற்றுக்கு என் முகம் தெரியாது அக்கா. கோட்டைத்தான் தெரியும். அதனால்தான் நீ அதைப் போட்டுக்கொண்டு தட்டியதும் கால் வளைந்த அந்த வாத்து, நம் நொண்டி, முதல் ஆளாக உன்னிடம் வந்தாள். நீ சத்தம் வராமல் சிரித்தாய், கண்ணில் தண்ணீர் வர. உன்னை அப்படிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

பஸ் நிறுத்தத்தில் நடுங்கினாயே என்றுதான் கோட்டை உன்மேல் போட்டு அனுப்பினேன். ஆபீஸ் சொத்து, பத்திரம். என்னிடம் இன்னொன்று இருக்கிறது, அவசரமில்லை. பறவைகள் ஊர் திரும்பியதும் என் வேலையை நிரந்தரமாக்கப் பேசுவதாக அதிகாரியம்மா சொல்லியிருக்கிறார். உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

குட்டிக்கு முத்தங்கள்.

உன் சுண்டெலி

*

பிப்ரவரி 17

அன்புத் தங்கச்சிக்கு அக்கா எழுதுவது,

நாங்கள் எல்லோரும் சுகம். உன் கடிதத்தைக் குட்டிக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். நேரில் கேட்டால் வாயைத் திறக்க மாட்டாய், காகிதம் கிடைத்தால் வெளுத்து வாங்குகிறாய். நிரந்தரமானதும் முதல் வேலையாக அந்த அறைக்கு ஒரு நல்ல மெத்தை வாங்கு. என் முதுகு இன்னும் வலிக்கிறது.

இங்கே ஞாயிற்றுக்கிழமை ஏக அமர்க்களம். மாமாவின் புது மேலாளர் குடும்பத்தோடு சாப்பிட வந்தார். இந்த மாதிரிக் கறி எந்தக் கடையில் கிடைக்கிறது என்று அவர் வீட்டம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மாமா சிரித்தே மழுப்பிவிட்டார். மேலாளர் அவர் தோளில் கைபோட்டுக்கொண்டுதான் வாசல்வரை போனார். இந்த வருஷமாவது மேஸ்திரி ஆக்கிவிடுவார்கள் என்று நம்பிக்கை வந்திருக்கிறது.

உன் கோட்டைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். கையோரம் ஒரு கறை இருந்தது, போய்விட்டது. குளிர் முடிவதற்குள் இன்னொரு தடவை வரலாமா என்று குட்டி நச்சரிக்கிறாள். நீ சரியாகச் சாப்பிடு.

உன் அக்கா

*

பிப்ரவரி 20

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. அதற்கு முன்பே இங்கே ஒன்று நடந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல் இன்னொரு கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். டப்பாவை ஒரு தட்டுத் தட்டியிருப்பேன். மொத்தக் கூட்டமும் எழும்பிவிட்டது. பெரிய துணியை யாரோ கிழித்ததுபோல் சத்தம். ஒன்றுகூட இந்தக் கரையில் இல்லை. நாணல் ஓரம் இறகாகக் கிடந்தது. மறுநாள் அக்கரையில் தொலைநோக்கி வைத்துத் தேடினேன். நொண்டி இல்லை.

காவல்காரர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ஞாயித்துக்கெழம விடியக்காலைல சாக்கோட போனது நீங்கதானம்மா? பனியில மொகம் தெரியல, கோட்டப் பாத்தேன். நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொற்கள் வரவில்லை. அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். அதிகாரியம்மா அடுத்த வாரம் விசாரிக்கிறார். அந்தக் கோட்டு இரண்டே பேருக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். இன்னொருவர் பிரசவத்துக்குப் போயிருக்கிறார்.

கடையில் கிடைக்காத அந்தக் கறி என்ன அக்கா? கையோரம் என்ன கறை? அதெல்லாம் இல்லை என்று ஒரு வரி எழுது. நீ எழுதினால் நான் நம்பிவிடுவேன்.

சுண்டெலி

*

பிப்ரவரி 24

என் தங்கத்துக்கு,

உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வராது. மாமாதான்.

மேலாளர் விருந்துக்கு உன் ஏரியில் வாத்து பிடிக்கப் போவதாகச் சனிக்கிழமையே சொன்னார். எப்படிப் பக்கத்தில் போவது என்று கேட்டார். அடுக்களை டப்பாவில் தட்டிக் காட்டியது நான்தான். உன் வித்தையைச் சொல்லிக்காட்டும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ராத்திரி இரண்டு மணி பஸ்ஸுக்கு எழுப்பி டீ போட்டுக் கொடுத்தேன். குளிருமே என்று கோட்டின் பொத்தானைப் போட்டுவிட்டேன். ஒன்றிரண்டு கொண்டுவருவார் என்று நினைத்தேன். சாக்கைப் பார்த்ததும் எனக்கே பகீரென்றது. ஆனால் விருந்தாளி வரும் நேரம், உட்கார்ந்து உரித்தேன். அதில் கால் வளைந்த ஒன்றும் இருந்தது. அடையாளம் தெரிந்தது. உன்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் சொல்லவில்லை.

இப்போது நான் கேட்பதைக் கேள். வழக்கு, அது இது என்று வந்தால் மாமாவைத் தொழிற்சாலையில் வைத்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு இதை விட்டால் எதுவும் இல்லை. நீ படித்தவள், இந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்கும். நான் எட்டாவதோடு நின்று தையல் மிஷினில் உட்கார்ந்தது எதற்கென்று உனக்குத் தெரியும். சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்காதே.

அதிகாரியம்மா கேட்டால் பொய்கூடச் சொல்ல வேண்டாம். பேசாமல் நின்றுவிடு. உனக்குத்தான் அது வருமே.

உன்னையே நம்பியிருக்கும்
அக்கா

*

மார்ச் 2

அக்காவுக்கு,

நேற்று விசாரணை முடிந்தது.

பள்ளியில் சேர்த்தபோது என் பெயரை நீதான் சொன்னாய். கல்லூரியில் விடுதி கேட்டு நின்றபோதும் நீதான் பேசினாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் உன் தாவணி நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீ படிப்பை விட்டது எனக்காகத்தான். அதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. நேற்று அதிகாரியம்மா மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டபோது, பழக்கதோஷம், திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. நானே பேச வேண்டியிருந்தது.

கோட்டை யாருக்குக் கொடுத்தேன், யார் போட்டுக்கொண்டு வந்தார், எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஓர் இடத்திலும் நிறுத்தவில்லை. ஆபீஸ் சொத்தை வெளியே கொடுத்தது என் தப்பு என்பதையும் சொன்னேன். நிரந்தரப் பேச்சு இப்போதைக்கு இல்லை. வேலையில் மட்டும் வைத்திருக்கிறார்கள். காவல்காரர் வெளியே எனக்காகக் காத்திருந்தார். தன் பிளாஸ்கிலிருந்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். மாமாவுக்குத் தாக்கீது வரும். கோட்டைக் கேட்பார்கள், கொடுத்துவிடு.

மாமாமேல் எனக்குக் கோபம்கூட இல்லை. அவர் வாத்தைத்தான் பார்த்தார். நீ என்னைப் பார்த்தாய், நொண்டியையும் பார்த்தாய். பார்த்துவிட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாய். நான் பேசமாட்டேன் என்பது உனக்கு மட்டும்தான் அவ்வளவு நிச்சயமாகத் தெரியும்.

பறவைகள் இந்த வருஷம் சீக்கிரமே போய்விட்டன. அடுத்த குளிருக்குச் சாம்பல் நிறத்தில் வேறு கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறார்கள். அக்கரை முறைப்பிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். நிறத்தை மாற்றிக்கொண்டால் அவற்றுக்கு நான் புது ஆளாகிவிடுவேன். நீ எந்த நிறத்தில் வந்து நின்றாலும் எனக்கு உன்னை அடையாளம் தெரியும். அதனால் வராதே.

ஜன்னலைத் துடைத்துவிட்டேன். குட்டியிடம் பூனை இருக்கிறது என்றே சொல்.

தங்கை