கட்சி ஆபீஸுக்கு வந்த போன்கள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, டியூட்டி முடிந்ததும் தூங்கி, தெம்பாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் பத்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடியதற்கு அம்மா எதற்குத் தாள் தாளாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். இருபத்தாறு வருஷம் அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்கிப் பிழைத்தவள் நான், நம் பேச்சு இப்போது யார் யார் காதுக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா. அப்பாவின் பழைய பட்டறை முதலாளியின் மகள் நாளை அங்கே கிளம்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடைசி வரி வரை படி, பாதியில் பதறிப்போய் எனக்குப் போன் போடாதே. உன் தங்கை வீடு மாறிவிட்டாள், புது வீட்டில் தண்ணீர் நன்றாக வருகிறதாம், அவள் பெரிய மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். ஹாலில் இருந்த கட்சிக் காலண்டரை அவர் திருப்பி மாட்டி, பின்பக்கத்தில் சிலிண்டர் வந்த தேதிகளை எழுதிக்கொண்டிருக்கிறார். நாற்பது வருஷம் உறுப்பினர் அட்டை வைத்திருந்த மனுஷன், பசை வாளியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தவர், இதிலிருந்தே இங்கே நிலைமை எப்படி என்று புரிந்துகொள்.

கட்சித் தலைமை ஆபீஸில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் என் அறை உனக்கு நினைவிருக்கும், ஜன்னல் கிடையாது, போர்டில் விளக்கு எரிந்தால் பொத்தானை அழுத்தி லைன் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என் உலகம். கட்சிதானே ஆட்சி, நீ பள்ளிக்கூடம் படித்த நாட்களில் வெளிநாட்டு அழைப்புகளே காலையில் பத்துப் பன்னிரண்டு வரும். பக்கத்து நாடுகள் இரண்டு சண்டை போட்டால் நம் ஊரில் உட்கார்ந்துதான் சமாதானம் பேசுவார்கள், எந்த மந்திரி முதலில், யாரைக் காத்திருக்க வைப்பது என்று எனக்கே தலை சுற்றும். இப்போது அதே இரண்டு நாட்டுக்காரர்களும் வேறெங்கோ உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள், நமக்கு ஒரு நாற்காலி கூடப் போடவில்லை, அதையும் நம் ஆட்கள் அயல்நாட்டு டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். ஆனால் ஊர் முழுக்க ‘உலகமே நம்மைப் பார்க்கிறது’ என்று போஸ்டர். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் எனக்குப் போன் செய்து, “ஏம்மா, பாக்குதுங்கறது சரி, பாத்துட்டு சிரிக்குதா இல்ல பாவம்ங்குதா, கேட்டுச் சொல்லேன்” என்றார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அப்படிச் சிரிக்க வைக்கிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். விலைவாசி, வேலையில்லை, வெளிநாட்டுக்காரன் நம் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டான், எல்லாவற்றுக்கும் திட்டு, அந்தத் திட்டு முழுவதும் வந்து இறங்குவது என் காதில். மாலையில் ஹெட்போனைக் கழற்றினால் காது மடல் சூடாக இருக்கும்.

அதற்கு நடுவில்தான் அந்தக் கப்பல் விவகாரம். நம் சரக்குக் கப்பல் ஒன்று எல்லை தாண்டிவிட்டது என்று சொல்லி அக்கரை நாட்டுக்காரர்கள் பிடித்துத் துறைமுகத்தில் கட்டிப்போட்டார்கள், உள்ளே பதினான்கு பேர். முன்பெல்லாம் இந்த மாதிரி நடந்தால் இங்கிருந்து ஒரு போன் போகும், மறுநாள் கப்பல் கிளம்பிவிடும். இந்தத் தடவையும் தலைவர் டிவியில் தோன்றி, விடுதலை நெருங்கிவிட்டது, குடும்பத்தார் பொறுமையாக இருக்க வேண்டும் என்றார். கப்பல் இன்ஜினியரின் மனைவி தினமும் காலையில் ஆபீஸ் திறந்ததும் கூப்பிடுவாள். சத்தம் போட மாட்டாள். “அக்கா, இன்னிக்கு ஏதாச்சும் தெரிஞ்சுதா” என்பாள், நானும் “முயற்சி நடந்துக்கிட்டிருக்கும்மா” என்பேன். ஆனால் எனக்கு உண்மை தெரியும். தலைவர் சார்பில் அக்கரைக்கு நம்பர் போட்டவளே நான்தானே. ஏழு தடவை போட்டேன். அங்கே எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெண் எனக்குக் குரல் பழக்கம், உன் கல்யாணத்துக்குக் கூட வாழ்த்துச் சொன்னாள். ஏழாவது தடவை அவள் குரலைத் தணித்து, அவர்கள் மொழியில் அக்கா என்று கூப்பிட்டு, இனிமேல் முயற்சி செய்யாதீர்கள், உங்கள் ஆபீஸிலிருந்து வந்தால் லைன் கொடுக்க வேண்டாம் என்று உத்தரவு என்றாள். நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த நாள் காலையில் இன்ஜினியர் மனைவியிடம் அதே வாயால் முயற்சி நடக்கிறது என்றேன். உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை, அதுதான் நடந்தது.

பிறகு கோந்து ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ஆபீஸ் செயலாளருக்கு நீ சின்ன வயதில் வைத்த பெயர்தான், தலைவர் எங்கே போனாலும் ஒட்டிக்கொண்டு போகிறார் என்று, இன்றும் ஆபீஸில் பாதிப் பேருக்கு அவர் கோந்துதான். தலைவரைத் திட்டுகிறவர்களின் பெயர், நம்பர் எல்லாம் இதில் எழுத வேண்டும், சாயந்திரம் நோட்டு தன் கைக்கு வர வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, “குறை என்னன்னு நேர்ல போய்க் கேட்டுத் தீர்த்து வைக்கத்தான்” என்றார். நம்பினேனா என்று கேட்காதே. நம்பினால் வேலை சுலபம், அதனால் நம்பினேன். மூன்று வாரம் எழுதினேன், உனக்குத்தான் தெரியுமே என் கையெழுத்து, அழகாக எழுதினேன். ஒரு நாள் நம் தெருமுனை மருந்துக் கடைக்காரர் பேசினார். குரல் தெரிந்தது. மருந்து இறக்குமதி நின்றுபோய், சர்க்கரை நோயாளிகளுக்குக் கை விரிக்க வேண்டியிருக்கிறது, கையாலாகாத கட்சி, வெளியே ஒருத்தனும் மதிக்கவில்லை, உள்ளே மட்டும் வாய் கிழிகிறது என்று பொரிந்து தள்ளினார். நான் அவரையும் எழுதினேன். கோந்து அன்று என் பின்னால் நின்றுகொண்டிருந்தார், ஆனால் அவர் இல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. மறுநாள் கடை பூட்டியிருந்தது. ஜீப்பில் வந்து கூட்டிக்கொண்டு போனார்களாம். மூன்றாம் நாள் கடை திறந்தது, அவர் இடது கை மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரே கையால் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “நீயா எழுதின?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோய்விட்டார், நான்கு நாள் என்னிடம் பேசவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் அவர் என்னைத் திட்டியிருக்கிறார், நானும் விட்டதில்லை, ஆனால் இப்படி வாயை மூடிக்கொண்டு வீட்டில் நடமாடியது இதுதான் முதல் தடவை. ஐந்தாம் நாள் நானே மருந்துக் கடைக்குப் போனேன். வேறு ஆள் வருவதற்குள், உங்கள் பெயரை எழுதிக்கொடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். கல்லாப் பெட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்க ‘சொல்லுங்க’ன்னு ஆரம்பிச்சப்பவே உங்க குரல்னு தெரியும் எனக்கு. தெரிஞ்சுதான் திட்டினேன். அந்த ஆபீஸ்ல ஒருத்தராவது காது குடுத்துக் கேப்பாங்கன்னு நெனச்சேன்” என்றார். அதற்குப் பிறகு அப்பாவின் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும் என்று சொல்லவும் மறக்கவில்லை.

மறுநாள் காலை இன்ஜினியர் மனைவி கூப்பிட்டாள், கப்பல் பிடிபட்டுத் தொண்ணூற்று மூன்றாவது நாள். அன்று அவள் சத்தம் போட்டாள். உள்ளே ஒருவருக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது என்று சேதி வந்திருக்கிறது, தலைவர் பொய் சொல்கிறார், எல்லாரும் பொய் சொல்கிறீர்கள், நீயும் பொய்தான் சொல்கிறாய் அக்கா என்று அழுதுகொண்டே கத்தினாள். கோந்து கதவருகில் நின்று, எழுது என்று கையால் சைகை காட்டினார். நான் பேனாவை எடுக்கவில்லை. தலைவரின் அறைக்கு நேராகப் போகும் லைனை அழுத்திவிட்டேன். வேண்டுமென்றேதான் செய்தேன் கண்ணா, யாராவது விசாரித்தால் விரல் தவறிவிட்டது என்று சொல்லச் சொல்லிப் பலர் புத்தி சொன்னார்கள், அது பொய். லைன் கொடுத்தபின் நான் விலகியிருக்க வேண்டும், அதுதான் தொழில் மரியாதை. அன்று விலகவில்லை, கேட்டேன்.

யார் லைன் கொடுத்தது என்றுதான் தலைவர் முதலில் கேட்டார். அவள், “யாரோ குடுத்தாங்கய்யா. என் வீட்டுக்காரர் கப்பல்ல இருக்காரு. நீங்க பேசுனீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க” என்றாள். பிறகு அவர் பேசிய குரல் மேடையில் நான் கேட்ட குரலே அல்ல, காய்ச்சலில் படுத்திருக்கும் கிழவர் பேசுவது போல இருந்தது. “பேசாம இல்லம்மா. ஏழு தடவ கூப்பிட்டாச்சு. எடுக்க மாட்டேங்கறாங்க. முன்ன மாதிரி நம்ம பேச்சுக்கு மதிப்பில்லம்மா இப்ப” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் அவர் வாயால் கேட்டது அன்றுதான். அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். “இத மொத நாளே சொல்லியிருக்கலாமேய்யா. நெருங்கிருச்சு நெருங்கிருச்சுன்னு டிவில சொன்னீங்க, அத நம்பித்தானே பதினாலு குடும்பமும் கைய கட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம். உங்களால முடியலன்னா எங்க வழிய நாங்க பாத்திருப்போம்ல” என்றாள். அவளே போனை வைத்தாள். நான் நிமிர்ந்தபோது கோந்து என் ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார், அது வரவே இல்லை, நானே கழற்றிக் கொடுத்தேன். அன்றோடு வேலை போயிற்று. இருபத்தாறு வருஷத்துச் சாமான் என்று பார்த்தால் ஒரு தம்ளர், ஒரு சால்வை, உன் பத்தாம் வகுப்புப் போட்டோ.

அந்தப் பெண்கள் அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. பதினான்கு வீட்டுப் பெண்களும் ஒன்றுகூடி, அக்கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கத்துக்கே கடிதம் போட்டு, அவர்கள் மூலமாக ஒரு வக்கீலைப் பிடித்தார்கள். அங்கே கூலிக்கு மூட்டை தூக்குகிறவர்கள் நம் ஆட்களுக்காக அரை நாள் வேலையை நிறுத்தினார்களாம், நினைத்துப் பார். பன்னிரண்டு நாளில் பதினொரு பேர் ஊர் திரும்பினார்கள், இன்ஜினியரும் வந்துவிட்டார், ஆள் பாதியாக இருக்கிறார். கேப்டனும் வேறு இரண்டு பேரும் இன்னும் அங்கே கேஸில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பதினொரு பேரும் வந்து இறங்கிய அன்றே ஊரெல்லாம் புதுப் போஸ்டர், தலைவரின் ஒரே அழைப்பில் விடுதலை என்று. மீதி மூன்று பேரும் நாளையே வந்துவிடுவார்கள், எல்லாரும் அமைதி காக்க வேண்டும் என்று டிவியில் மறுபடியும் அதே பேச்சு. இன்ஜினியர் மனைவி நம் வீட்டுக்கு வந்தாள், இத்தனை நாள் குரலாகவே இருந்தவளை அன்றுதான் பார்த்தேன், உன் தங்கை வயதுதான் இருக்கும். கேப்டன் வீட்டு அம்மா தலைவர் பேச்சை நம்பி வக்கீலே வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறார், நான் சொன்னால் கோபத்தில் சொல்கிறேன் என்கிறார்கள், நீங்கள் சொன்னால் நம்புவார்கள் என்றாள்.

சொன்னேன். கேப்டன் வீட்டில் போய்ச் சொன்னேன், பிறகு அங்கே வந்திருந்த பத்திரிகைக்காரரிடமும் சொன்னேன், ஏழு அழைப்பையும் தேதியோடு சொன்னேன், நோட்டைப் பற்றியும் அதில் என் கையெழுத்து இருப்பதையும் சேர்த்தே சொன்னேன். வியாழக்கிழமை போட்டோவோடு வந்துவிட்டது. அப்பா காலையிலேயே போய் மூன்று பிரதி வாங்கிவந்து, நின்றபடியே படித்துவிட்டு, “போட்டோவுக்காவது அந்தக் கண்ணாடியக் கழட்டியிருக்கலாம்ல” என்றார். வாசலில் ஒரு ஜீப் இரண்டு நாளாக நிற்கிறது, உள்ளே வரவில்லை. அப்பா அதற்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். திங்கட்கிழமை என்னை விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது, அப்பாவும் கூட வருகிறார், மருந்துக் கடைக்காரரும் வருகிறேன் என்று ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார். பயமாக இல்லையா என்றால் இருக்கிறது. ராத்திரி தூக்கம் வரவில்லை என்று எழுதினால் நீ அங்கே தூங்க மாட்டாய், அதனால் எழுதவில்லை.

உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன், அதுதான் எனக்கு உறுத்துகிறது. வருகிற மாதம் உன் பாஸ்போர்ட் முடிகிறது, நம் தூதரகத்தில்தான் புதுப்பிக்க வேண்டும், இழுத்தடிப்பார்கள். உன்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், இல்லை சரி என்றிருப்பாய், எதைச் சொல்லியிருந்தாலும் அந்த பாரம் உன் தலையில் ஏறியிருக்கும். அதற்குத்தான் கேட்கவில்லை. கோபம் வந்தால் வரட்டும், இரண்டு நாள் வைத்துக்கொள், மனைவி மேல் காட்டாதே. உன் ஆஸ்பத்திரியிலிருந்து வேலைச் சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துக்கொள், தூதரகத்துக்குத் தனியாகப் போகாதே, கொடுக்கிற தாள் ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து வைத்துக்கொள். நீயும் உன் வீடும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், உன் கையால் மருந்து வாங்குகிறவர்கள் சீக்கிரம் எழுந்து நடக்க வேண்டும், இதுதான் எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அங்கே யாராவது இவள் உன் அம்மாதானே என்று கேட்டால், சுற்றி வளைக்காதே, அரசியல் பேசாதே, அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று மழுப்பாதே. ஆமாம் என்று சொல், அது போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா