உன் கன்னத்து வீக்கம்

தம்போரில்,
டொமினிகன் குடியரசு.

அன்பு மகன் டெய்விக்கு,

போனில் நீ முதலில் ஆசி கேட்பாய், கடவுள் உன்னைக் காக்கட்டும் என்று நான் சொல்வேன். இந்த முறை கேட்காமலே தந்துவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து எழுதப்போவது ஆசி இல்லை. நாங்கள் ஏதோ இருக்கிறோம், உன் முழங்கால் வலி எப்படி, ஐஸ் வைக்கிறாயா? அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்குப் புது டயர் போட்டாயிற்று, அவகாடோ மரம் கொத்துக் கொத்தாகக் காய்த்து நிற்கிறது, தின்னத்தான் நீ இல்லை.

பதில் தாமதமானதற்குப் பள்ளிக்கூடம்தான் காரணம். பாட்டிலுக்குள் பஞ்சு வைத்து சிகரெட்டைக் கொளுத்திக் காட்டுவேனே, அந்தப் பாடம் நடத்தினேன், பஞ்சு பழுப்பானதும் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் பார்த்தால் பேஸ்பால் திடல் பக்கத்துச் சுவர் முழுக்க அதே பழுப்பு. எச்சில். கைகழுவும் தொட்டியிலும் நூல் நூலாக மிதந்தது. கொட்டகைகளில் உலர்கிற புகையிலையைக் கிள்ளி வந்து கன்னத்தில் அதக்கிக்கொள்கிறார்கள். ஏண்டா என்றால், "பொகைக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க டீச்சர், இதுல பொகையே வரலையே" என்கிறான் ஒருவன்.

அதனால்தான் பள்ளிக்குள் புகையிலை எந்த வடிவிலும் கூடாது என்று பெற்றோர் கூட்டத்தில் விதி கொண்டுவந்தேன். பெற்றோர் சங்கத் தலைவர் ஃபெர்மின் அணைந்த சுருட்டைப் பல்லிடுக்கில் உருட்டிக்கொண்டே, "ஊரே இந்த இலையாலதான் சோறு திங்குது, அதப் போயி விஷம்னு சொல்லிக் குடுப்பீங்களா?" என்றார். "தின்னுங்க, துப்புனத நாங்க ஏன் மிதிக்கணும்?" என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள், கூட்டம் என் பக்கம் சாய்ந்தது. உடனே ஃபெர்மின் எழுந்து சுவரைக் காட்டினார். ஊரின் பெருமை என்று மாட்டியிருக்கும் உன் படம். பேஸ்பால் மட்டையோடு நிற்கிறாய், இடது கன்னம் பந்தை விழுங்கியதுபோல் புடைத்திருக்கிறது. "மொதல்ல ஒங்க மவன் வாயக் கழுவச் சொல்லுங்க டீச்சரம்மா, அப்புறம் எங்க புள்ளைங்க வாயப் பாப்போம்." மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். புகைப்பதற்கு மட்டும் தடை என்று விதியை நறுக்கி நிறைவேற்றினார்கள். சூயிங்கம் என்று நீ சொன்னாய் டெய்வி. நம்பி நானே ஆணி அடித்து மாட்டிய படம் அது.

அதோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். வியாழக்கிழமை உன் தங்கை யாரிட்ஸாவை வகுப்பிலிருந்து தூக்கி வந்தார்கள். சீருடையெல்லாம் வாந்தி, உதடு வெளுத்து, கை சில்லிட்டு. வாய்க்குள் விரலை விட்டு அந்த இலைச் சக்கையை வழித்தெடுத்தேன், அதன் கொழகொழப்பு எத்தனை சோப்பு போட்டும் விரலை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. எட்டு வயதுப் பிள்ளை. கண் திறந்ததும் சொன்னாள், "திட்டாதம்மா, அண்ணன் மாதிரி நின்னு பாத்தேன்."

இப்போது தேறிவிட்டாள், பயப்படாதே. ஆனால் கொஞ்சம் பயப்படு. உன் படத்தைக் கழற்றிவிட்டேன், மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மறுபடி கூட்டம் கூட்டச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் வேறு படம் அனுப்பு, பல் தெரியச் சிரித்து, இரண்டு கன்னமும் ஒரே அளவாக. ஒரு நிமிடம் துப்பிவிட்டு எடுத்த படம் வேண்டாம், அதைப் பார்த்துத்தான் உன் தங்கை நிற்கப்போகிறாள். அப்படி ஒரு படம் இல்லையென்றால் ஒன்றும் அனுப்பாதே. ஆணியை நான் இன்னும் பிடுங்கவில்லை.

முழங்காலுக்கு ஐஸ் மறக்காதே. கடவுள் உன் கையையும் காலையும், முக்கியமாக உன் வாயையும் காக்கட்டும்.

கோபத்தோடும் முத்தத்தோடும்,
உன் அம்மா
நெரெய்தா