பிறந்த ஊர் ஹட்டன்

ஜனவரி 26, இரவு. பாணேர்.

காலையில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் கொடியேற்ற என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். கார்கிலில் வாங்கிய பதக்கத்தை இடது மார்பில் குத்திக்கொண்டு போனேன். செகரட்டரி மைக்கில் என்னை அறிமுகப்படுத்தும்போது, பிறந்தது கோயம்புத்தூர் என்றார். அப்படி எழுதிக் கொடுத்தது என் மகன் செந்தில்.

மைக்கை வாங்கி இந்தியில் திருத்தினேன். பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். சின்ன வயதில் கப்பலேறி வந்தவன் என்றேன். கூட்டம் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கை தட்டியது.

லிஃப்டில் செந்தில் பொரிந்து தள்ளினான். "ஏம்ப்பா இப்படிப் பண்றீங்க? காலம் சரியில்ல. நாளைக்கு எவனாவது வந்து குடியுரிமைப் பேப்பர் கேட்டா?"

"கேக்கட்டும். தொடையில குண்டு வாங்கினப்ப எவனும் கேக்கலையே."

கதவு திறந்ததும் அவன் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டான். பிள்ளைகளை நினைத்துப் பயப்படுகிறான், தெரிகிறது. அதற்காக நான் பிறந்த ஊரை மாற்றிச் சொல்ல முடியாது.

நான் போன பிறகு இந்தப் பதக்கத்தை அவன் வலது மார்பில் குத்திக்கொள்ளலாம். பட்டாளத்தில் வாரிசுக்கு அதுதான் முறை. ஆனால் குத்திக்கொண்டால் ஹட்டனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாய் வராதென்றால் பதக்கம் பெட்டியிலேயே கிடக்கட்டும்.